பிளேட்டில் எழுதிய பெயர்

மச்சான்,

நேற்று உனக்கு வருஷப் பூசை. பூசை முடிந்து உன் மகன் என்னைத் தன் புதுக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டில் விட வந்தான். இரும்புலியூர் பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. ஓரடி நகரும், நிற்கும். மறுபடி ஓரடி. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பின்சீட்டில் இருந்த உன் மருமகள், பக்கத்தில் நின்ற குப்பை லாரி என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினாள். ஏற்றியும் வாசனை போகவில்லை. வெளியிலிருந்து வந்தால்தானே போகும்? கருகின முடியும் வெந்த ரப்பரும் கலந்த வாசனை அது. மூக்கில் ஏறினால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இறங்காது.

உன் மகனின் இடது காலைப் பார்த்தேன். கிளட்ச் பாதி அழுத்தியபடி, பாதி விட்டபடி. கை பிரேக் பக்கம் அவன் கையே போகவில்லை. அந்த அரைக் கிளட்சிலேயே காரை ஏற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தான்.

“தம்பி, கிளட்ச் வேவுது” என்றேன்.

சிரித்தான். “சின்ன எஞ்சின் அங்கிள், டர்போ. கீழ்ல இழுக்கவே மாட்டேங்குது. அதுவும் இல்லாம எங்க பரம்பரையே அப்படித்தானே. ரெண்டு பிளேட்டை எரிச்சுத்தான எங்கப்பாவை ஸ்டியரிங்ல இருந்து இறக்கி விட்டாங்க.”

மருமகளும் சிரித்தாள். போன வருஷம் உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்து காப்பி குடிக்கும்போதும் இதே பேச்சை ஒருவர் எடுத்தார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அன்று நானும் சிரித்தேன். நேற்று சிரிக்க முடியவில்லை. பாலம் இறங்கினதும் ஓரமாக நிறுத்து என்றேன். அவனிடம் சொன்னதும், அவனிடம் சொல்லாமல் உனக்கென்று வைத்துக்கொண்டதும் சேர்த்துத்தான் இந்தக் கடுதாசி. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். டீச்சர் ஆயிற்றே, என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாள். அவரவர் வாயில் வந்த வார்த்தையை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த வாசனைக்கு என்னிடம் ஒரு வருஷம் இருக்கிறது. பீச்சிலிருந்து தாம்பரம் வரை ஓடிய மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தின வருஷம். செம்பாக்கம் ஏரியில் பையன்கள் மூன்று இடத்தில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடின வருஷம். அதே வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்தது. தண்ணீர் இல்லாமல் தொடங்கித் தண்ணீரில் முடிந்த வருஷம்.

ஏரி காய்ந்தால் டேங்கர் லாரிக்குத் திருவிழா. நம் முதலாளியிடம் அதுவரைக்கும் நாலு பழைய லாரி. அந்த வருஷம் புதுசாக மூன்று வாங்கினார். பழையதில் ஒன்றுக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தது நீ. ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டால் போதும். பன்னிரண்டாயிரம் லிட்டரைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி, தானாக நடந்து போகும். புதுசு மூன்றுக்கும் மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் நீதான். பளபளவென்று இருக்கும். சத்தம் போட்டால்தான் மதிக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்து எஞ்சினை உறுமவிட்டால்தான் பலமே வரும். கீழ் வேகத்தில் ஒரு மண்ணும் கிடையாது. உறுமுகிற எஞ்சினுக்கும் நிற்கிற சக்கரத்துக்கும் நடுவில் கிடந்து வதைபடுவது கிளட்ச் பிளேட். அது வழுக்கி வழுக்கிச் சூடாகும். சூடாகிக் கருகும்.

தரையில் ஓடும்வரை மாப்பிள்ளையால் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் நம் கிணற்று மேட்டில். கிணறு பள்ளத்தில், ரோடு உயரத்தில். தண்ணீர் ரொப்பிக்கொண்டு மண் ஏற்றத்தில் ஏறி, மேலே ரோட்டு விளிம்பில் நின்று, பஸ்ஸும் வேனும் போய் வழி கிடைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். தண்ணீர் லாரி கை பிரேக்கின் யோக்கியதை உனக்குத் தெரியும், சாமி படத்துக்கு மாலை போட்ட மாதிரி, பார்க்கத்தான். அதனால் இருபது வருஷமாக நாம் எல்லாரும் ஒரே பழக்கம் பழகியிருந்தோம். விளிம்பில் அரைக் கிளட்சிலேயே லாரியைத் தாங்கிப் பிடிப்பது. பெரியம்மா அதற்குச் சிரித்த முகமாக ஒத்துக்கொள்வாள். மாப்பிள்ளையை அப்படித் தாங்கவேண்டுமென்றால் எஞ்சினை உறுமவிட வேண்டும். உறுமவிட்டால் பிளேட் வேகும். கால் மாறவில்லை, வண்டி மாறிவிட்டது. அதுதான் நாம் செய்த தப்பு.

அதற்கு வழியும் இருந்தது. விளிம்பில் நின்றதும் பின்சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்துவிட்டால் கிளட்சுக்கு வேலை இல்லை. ஆனால் கட்டை போட இறங்குகிற ஆள் வேண்டுமே. புது லாரிக்குக் கிளீனர் எதற்கு என்று முதலாளி அந்த ஆட்களை நிறுத்திவிட்டார்.

நிறுத்திவிட்டு, எரிகிற பிளேட்டுக்கு டிரைவர்தான் காரணம் என்றார். அப்போதுதான் அந்தச் சுவர் வந்தது. ஷெட்டுக்குள் நுழைந்ததும் எதிரே இருக்கும் சுவர். மெக்கானிக் காதர் கழற்றுகிற ஒவ்வொரு கருகின பிளேட்டிலும் ஓட்டினவன் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதி ஆணியில் மாட்டவேண்டும் என்று உத்தரவு. ஒரே பெயரில் இரண்டு தொங்கினால் அவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. காலையில் வந்து சாவி வாங்கும்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் யாரும் வாங்க முடியாது. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் பெயர் எழுதின முதல் பிளேட் எந்த ஆணி என்று தெரியும். மேல் வரிசை, இடது பக்கத்திலிருந்து மூன்றாவது. அதற்கு அடுத்தது உன்னுடையது. வண்டி புரியாத முதல் வாரத்தில் நாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று எரித்திருந்தோம்.

நீதான் முதலாளியிடம் நேராகப் போய்ப் பேசினாய். நாங்கள் ஆறு பேரும் பின்னால் நின்றோம். அவர் மேஜையிலிருந்து வழவழவென்ற ஒரு காகிதத்தை எடுத்து உன் முன்னால் நீட்டினார். “எவ்ளோ குதிரை போட்டிருக்கான் பாரு. படிக்கத் தெரியுமில்ல? பழசைவிட இதுக்குத்தான்டா பவர் ஜாஸ்தி.”

நீ படித்தாய். நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். “குதிரையெல்லாம் மேல கீது முதலாளி. நம்ம ஏத்தம் கீழ கீதே.”

மேல் வேகத்தில் வருகிற பலம் கீழ் வேகத்து ஏற்றத்துக்கு உதவாது என்று அவர் காகிதத்தை வைத்தே சொல்லிவிட்டாய். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எட்டாவது படித்தவன் எனக்கு எஞ்சின் சொல்லித்தருகிறாயா, காலைத் தூக்கி ஒழுங்காக ஓட்டினால் போதும் என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடையில் ஏழு பேரும் பேசி முடித்தோம். இனிமேல் யார் பிளேட் எரிந்தாலும் ஏழு பேரும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டை போட ஆள் வந்தால்தான் வண்டியை எடுப்பது. பேச்சை எடுத்தவன் நீ. ஒவ்வொருத்தனாக முகத்தைப் பார்த்து, “குடுப்பியா?” என்று கேட்டாய். எல்லாரும் கொடுப்போம் என்றார்கள். இரண்டு பேர் கொஞ்சம் லேட்டாகச் சொன்னார்கள். நீ அதைக் கவனித்திருக்கிறாய். நான் கவனிக்கவில்லை.

அடுத்து எரிந்தது என்னுடையது.

கத்திரி வெயில் நாள். விளிம்பில் நின்றேன். ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம். பூவும் பறையுமாக, நகரவே இல்லை. பின்னால் பள்ளத்தில் தண்ணீர் ரொப்ப இன்னொரு லாரி, அதில் ஆள். கால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டருக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடியில் லாரி பின்னால் வழிந்து அவன்மேல் ஏறிவிடுமோ என்று பயம். அதனால் பழகின காலை நம்பினேன். அரைக் கிளட்சில் பிடித்தேன். வாசனை வந்தது. அப்புறம் புகை. ஊர்வலம் போய் வழி கிடைத்தபோது எஞ்சின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. கியர் இருந்தும் இல்லாத வண்டி. கால் பிரேக்கில் நின்றுகொண்டு ஹாரனை அடித்தேன்.

அன்று உன் மாப்பிள்ளை லாரி பட்டறையில் இருந்ததால் நீ பெரியம்மாவை எடுத்திருந்தாய். தண்ணீர் இறக்கிவிட்டுக் காலியாக வந்துகொண்டிருந்தவன், என்னைப் பார்த்து ரிவர்ஸில் என் முன்னால் வந்து நின்று, கயிறு கட்டி, பன்னிரண்டாயிரம் லிட்டரோடு என் லாரியை ரோட்டுக்கு இழுத்தாய். பெரியம்மா உறுமக்கூட இல்லை. இறங்கி வந்து மூக்கால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாய். என் முகத்தைப் பார்த்தாய்.

“பெரிம்மாவ எறக்கி ரொப்பிகினு சிறுசேரி போ. இத்த நான் பாத்துக்கறேன்.”

“சாவி கொடுக்கணுமே மச்சான்? பேசினோமே?”

“போடான்றேன்.”

போனேன். சிறுசேரிப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய கம்பெனிக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு, மத்தியானம் திரும்பினேன். “முதலாளி கண்ணில் படவில்லை, காதர் பிளேட்டை மாற்றிக் கருகினதை இரும்புக் கடையில் போட்டுவிட்டான், வாயைத் திறக்காதே” என்று என்னிடம் சொன்னாய். இரண்டு நாள் கழித்து சுவரில் உன் பிளேட்டுக்குக் கீழே ஒரு புதுப் பிளேட் தொங்கியது. நேற்று நானும் ஏற்றத்தில் ஒன்று எரித்துவிட்டேன் என்றாய். நம்பினேன். எப்படி நம்பினாய் என்று நீ கேட்கலாம். எனக்கு அது வசதியாக இருந்தது, அதனால் நம்பினேன். இதை நான் உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

ஆனால் அன்று சாவியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது? “என் கால்தான் தப்பு முதலாளி” என்று நீயே அவர் முன்னால் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டாய். எஞ்சினைச் சொன்ன வாய் அது. ஏற்றத்தைச் சொன்ன வாய். அதுவே காலைச் சொன்னபிறகு மற்றவன் எதைச் சொல்வான்? முதலாளி எழுந்து நின்று, இனிமேல் குதிரைக் கதை எவனும் பேசக்கூடாது என்றார். கிளீனர் பேச்சு அத்தோடு போயிற்று. உன்னைக் கிணற்றுக்கு இறக்கினார்கள். பைப்பைப் பிடித்து ரொப்புவது, எந்த வண்டி எத்தனை நடை என்று நோட்டில் எழுதுவது. அதுதான் இனி உன் வேலை.

எனக்கு உன்மேல் கோபம். பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒருநாள், நீ குனிந்து என் டேங்கில் பைப்பைச் சொருகும்போது, எல்லாரும் இருக்கக் கேட்டேன்: “இன்னா மச்சான், குதிரையெல்லாம் எங்க போச்சு? உன் கால்ல பூந்துகிச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பைப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, “ஆமா நைனா, ஒதைக்குது” என்றாய். அந்தச் சிரிப்பை நான் இப்போது எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன் தெரியுமா? அதில் ஒரு துளி வலி தெரிகிறதா என்று தேடுகிறேன். தெரியவில்லை. அப்படி ஒரு நடிப்பு.

அப்புறம் கடல் வந்த நாள். கோவளம் பக்கத்துக் குப்பங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று ஆள் வந்தார்கள். கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. முதலாளி அன்றைக்கு நல்ல மனிதர், ஏழு வண்டியையும் கொண்டு போங்கள் என்றார். பெரியம்மாவை ஓட்டினவனுக்குக் காய்ச்சல். மணலில் லோடோடு போகவேண்டும். அதற்கு அந்த வண்டியும் அதைத் தெரிந்த காலும் வேண்டும். நீ பைப்பைக் கீழே வைத்துவிட்டு மேலே வந்தாய். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, “பெரிம்மாவ நான் எடுத்துகினு போட்டுமா முதலாளி?” என்றாய். உன் ஜாதிசனம் யாரும் அங்கே இல்லை. சொந்தம் யாரும் இல்லை. ஆனாலும் உன் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

முதலாளி சுவரைக் காட்டினார். விரலால் காட்டினார். பிறகு சாவியை என் கையில் கொடுத்தார்.

நான் வாங்கிக்கொண்டேன்.

குப்பத்துக்குப் போகும் வழியில் மணலில் புதைந்தேன். உறுமவிட்டேன், இன்னும் புதைந்தது. பெரியம்மாவையே வாசனை அடிக்க வைத்தேன். வீடு போன ஜனம், பிள்ளையைப் பறிகொடுத்த ஜனம், அவர்கள் வந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். தலையெல்லாம் சேறாக இருந்த ஒரு அம்மா, “மெதுவா வுடு அண்ணா, அது தானா வரும்” என்றாள். லாரியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? படகைத் தள்ளின கை. நீ வந்திருந்தால் அந்த ஜனம் தள்ளியிருக்க வேண்டியதில்லை. நீ பள்ளத்தில் நின்று காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் ஒவ்வொரு டேங்கையும் விளிம்பு வழிய ரொப்பிக் கொடுத்தாய்.

பதினோரு வருஷம் அந்தப் பள்ளத்தில் நின்றாய். பெருவெள்ளத்தில் கிணற்றுச் சுவர் சரிந்து ஷெட்டை மூடுகிற வரைக்கும். உன் மகன் படித்து சிறுசேரியிலேயே வேலைக்குப் போனான். அவன் வளர்ந்த வீட்டில் ஒரு கதைதான் ஓடியது: எங்கப்பாவுக்கு வண்டி ஓட்ட வராது. நீயும் அதைச் சொல்லிச் சிரிப்பாய். நானும் உன் வீட்டில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டே அந்தக் கதைக்குத் தாளம் போட்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் காதரைப் பார்க்கப் போனேன். நெஞ்சுச் சளி, மூச்சுவிட முடியாமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உன் பேச்சு வந்தது. நான் வழக்கம்போல உன் காலைப் பற்றி ஏதோ சொன்னேன். அவன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“போதும் நைனா. அவனும் பூட்டான், நானும் பூடுவேன். அந்த ரெண்டாவது பிளேட்டு உன்னுது.”

எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொல்ல வைத்தேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். முதலாளி அன்று காலையிலேயே வந்துவிட்டாராம். நீ என் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாயாம். நான்தான் ஓட்டினேன் என்றாயாம். நம் ஷெட்டில் வண்டி மாற்றி ஓட்டுவது சகஜம், அவரும் கேட்கவில்லை. சுவரில் மாட்டுவதை மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னாயாம், என் கண்ணை மறைக்க.

“உன் பேரு எளுதத்தான் பெயிண்ட் பிரஸ்ஸ எடுத்தேன். கைய புட்ச்சிகினான். ‘அவன் பேரு எளுதினா அவனுக்குக் கெணத்து வேலகூட கெடயாது, நோட்டு எளுத தெரியாதே, கேட்டுக்கு வெளிய பூடுவான். என் பேரு எளுதினா நான் பள்ளத்துக்குத்தான் எறங்குவேன். எது தூரம், நீயே சொல்லு’ன்னான். நான் இன்னா சொல்றது?”

“சாவி?” என்று கேட்டேன். “ஏழு பேரும் கொடுக்கறதா பேசினோமே காதர்?”

“அஞ்சு பேரு குடுப்பான், ரெண்டு பேரு குடுக்கமாட்டான்னு சொன்னான். அந்த ரெண்டு போதுமாம், நீ தெருவுக்கு வர.”

மச்சான், இதைக் கேட்கிற யாரும் உன்னைக் கும்பிடுவார்கள். என் மகள் இப்போதே எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள். நான் கும்பிட மாட்டேன். உன்னை யார் கேட்டது? எனக்கு எழுத்துத் தெரியாது, சரி. கேட்டுக்கு வெளியே தாம்பரம் இருந்தது. மார்க்கெட்டில் மூட்டை இருந்தது. என் உடம்பில் பலம் இருந்தது. வெளியே போனால் செத்துவிடுவேன் என்று நீயே தீர்ப்பு எழுதினாய். என்னைக் கேட்காமல். முதலாளி என் காலை மட்டும்தான் நம்பவில்லை. நீ என்னை முழுசாகவே நம்பவில்லை.

அதைக்கூட விடுகிறேன். நீ அந்த ஐந்து சாவியை என்ன செய்தாய்? ஐந்து சாவி மேஜைமேல் விழுந்திருந்தால், அந்தக் கோடையில், ஊரே குடத்தோடு நின்ற கோடையில், முதலாளியால் ஒருநாள் தாங்கியிருக்க முடியுமா? கட்டை போட ஆள் வந்திருப்பான். ஆணியெல்லாம் கழன்றிருக்கும். அதற்குப் பதிலாக என் கால்தான் தப்பு என்றாய். உனக்குப் பிறகும் அந்தச் சுவரில் நாலு பேர் பெயர் ஏறியது. அவர்களுக்காக யாரும் சீட் மாறி உட்காரவில்லை. கீழே இழுவை இல்லாத எஞ்சினை ஏற்றத்தில் நிறுத்தினால் எவன் கால் வைத்தாலும் பிளேட் எரியும். இதை முதலில் கண்டுபிடித்தவன் நீ. முதலில் பொய்யாக்கினவனும் நீ. எனக்காகச் செய்தாய் என்றால், அந்தப் பாரத்தை நான் தூக்க மாட்டேன். நீ எழுந்து வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் உன் காலைப் பற்றி இனி ஒருத்தன் என் எதிரில் பேச முடியாது.

நேற்று காரை ஓரமாக நிறுத்த வைத்து, இதைத்தான் உன் மகனிடம் சொன்னேன். ஊர்வலத்திலிருந்து கயிறு கட்டினது வரைக்கும், விரலால் சுவரைக் காட்டினது வரைக்கும். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான். மருமகள் போனைக் கீழே வைத்துவிட்டாள். முடித்ததும் அவன் என் கையைப் பிடித்தான். அப்படியே உன் கை.

“அங்கிள், எங்கப்பா பேர் நல்லா இருக்கணும்னு நீங்க சொல்றீங்க. அவரும் இப்படித்தான், அடுத்தவங்க தப்பெல்லாம் எடுத்துத் தலையில போட்டுக்குவார். நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி. விடுங்க அங்கிள். இப்ப அது என்ன பெரிய விஷயம்?”

பார்த்தாயா மச்சான், நீ செய்துவிட்டுப் போன வேலையை? உன் பொய்யை ஊரே நம்பியது. என் நிஜத்தை உன் பிள்ளைகூட நம்பவில்லை. நான் உனக்காகப் பொய் சொல்கிறேனாம்.

விடமாட்டேன் என்றேன். விடு என்று பிள்ளைகள் சொல்லிக் கேட்கிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது என்றேன். தாத்தாவுக்கு வண்டி ஓட்ட வராது என்று உன் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாயா என்று அவனைக் கேட்டேன். சொல்லியிருக்கிறான். அப்படியானால் இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதை மாற்றிச் சொல், தாம்பரத்துக்கும் சிறுசேரிக்கும் நடுவில் மாப்பிள்ளை லாரியின் சீக்கை முதலில் கண்டவன் உங்கள் தாத்தா என்று சொல் என்றேன்.

கம்ப்யூட்டரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையாம் அவனுக்கு. அந்தப் புத்தி. மெதுவாகக் கேட்டான்: “இது வேற யாருக்காவது தெரியுமா அங்கிள்?”

நியாயமான கேள்வி. ராத்திரியெல்லாம் எண்ணினேன். முதலாளி போய்விட்டார், மகன்கள் ஷெட் இடத்தில் ஃபிளாட் கட்டிவிட்டார்கள். பெரியம்மாவை ஓட்டின சேகரைக் கொரோனா கொண்டுபோனது. சாவி கொடுக்க லேட்டாகத் தலையாட்டின இரண்டு பேரும், கொடுக்கத் தயாராக இருந்த மற்ற இரண்டு பேரும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எல்லார் வீட்டுக்கும் மாலையோடு போனவன் நான். காதர் தையில் போனான். பிரஷ்ஷைப் பிடித்த கையும் போயிற்று, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தின உன் கையும் போயிற்று.

மகளே, இதைக் கொட்டை எழுத்தில் எழுது. எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நானே கொண்டுபோய் அவன் வீட்டு மேஜைமேல் வைப்பேன். அன்று அந்தச் சுவர் முன்னால் நின்ற ஏழு பேரில் உயிரோடு இருக்கிறவன் ஒருத்தன்தான். கிணற்று மேட்டில் அந்த இரண்டாவது பிளேட்டை எரித்தவனும் அவன்தான். அவன் பெயர் மாணிக்கம்.